தலைவர் வாங்கி வந்த பற்றரி

சங்கத்துக் காரின் பற்றரியை நான் இயக்கத்துக்கு விற்றுவிட்டேன் என்று ஊரில் சொன்னவர் நீங்கள்தான், தலைவர். பொய் என்று தெரிந்துகொண்டே சொன்னீர்கள்.

சண்டைக் காலத்தில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் ஊருக்கு இருந்தது ஒரே கார். கிராமச் சங்கத்தின் பழைய மொறிஸ் மைனர். ஓட்டியவன் நான். வருத்தக்காரரைத் துறைவரை கொண்டுபோய் விடுவேன். அங்கிருந்து வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். அதன் பற்றரி செத்தபோது வேறொன்றை நினைத்தபடி வாங்கிவர முடியாது. பற்றரி இயக்கத்தின் குண்டுகளுக்குப் போய்விடும் என்று ஆமி தடுத்திருந்தது; முகாமில் அனுமதி எடுக்கவேண்டும். போகும்போதே பழையதை வழியில் ஆமி காவல் நிற்கிற சென்றியில் ஒப்படைக்கவேண்டும். அனுமதி சங்கத் தலைவரான உங்கள் பெயரில் வந்ததால் டவுனுக்கு நீங்களே போனீர்கள்.

பழையது சென்றியில் நின்றுவிடும், கடையில் வைத்து ஒப்பிட வழியில்லை. ஆகவே அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் இரண்டு தென்னை ஈர்க்கு முறித்துத் தந்தேன். இந்தக் காருக்கு பிளஸ் வயரைத்தான் பாடியில் பூட்டுவது, வயர் கட்டை, தள்ளியிருந்தால் எட்டாது, முனைகள் எந்தப் பக்கம் என்று பாருங்கள் என்றேன். குளிர்ந்த எஞ்சினைச் சுற்றுகிற பலம் முக்கியம் என்றும் சொன்னேன்.

நீங்கள் கொண்டுவந்தது மோட்டார் சைக்கிளுக்கு வைக்கிற சாமான்.

"என்ன தலைவர் இது? ஈர்க்கு எங்க?"

"பெரிசு எண்டா சென்றியில ஆயிரம் கேள்வி கேப்பானுகள் மனே. ஆர் அடி வாங்குற? இதுவும் பன்னிரண்டு வோல்ட்தானே."

"எட்டு ரோச் லைற் பற்றரிய அடுக்கினாலும் பன்னிரண்டு வோல்ட்தான். அதால கார் ஓடுமா?"

"சும்மா இரிடா. ஓடுமட்டும் ஓட்டு. மறுகா பாப்பம்."

பயம் எல்லோருக்கும் இருந்தது. எனக்கும்தான். பயந்ததற்காக உங்களைக் குறை சொல்லவில்லை.

பற்றரித் தட்டில் பலகைத் துண்டு செருகிக் கட்டி ஓட்டினேன். கொஞ்ச நாள் ஸ்ராட் ஆனது. பிறகு எஞ்சின் சுற்றமாட்டாமல் முக்கியது. பக்கத்து வளவுப் பெண்ணுக்கு வலி கண்ட காலையில் முக்கலும் இல்லை. கைபிடி போட்டுச் சுற்றினேன். அவளுடைய புருஷன் பின்னால் நின்று தள்ளினான். பொறி வரவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றினோம். வண்டி துறைக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. அவள் திரும்பி வந்தாள். பிள்ளை வரவில்லை.

"நான் நல்ல பற்றரிதான் குடுத்தன், அவன் அத இயக்கத்துக்கு வித்துப்போட்டு மாத்திட்டான்" என்று கோயிலடியில் நின்று சொன்னீர்கள். அந்தச் சொல் முகாமுக்குப் போயிருந்தால் நான் இன்று இருந்து இதை எழுதமாட்டேன். போகவில்லை. ஆனால் அவள் காதுக்குப் போனது. சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும், கடையில் என்னைக் கண்டால் சாமான் வாங்காமலே திரும்பிப் போகிறாள். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். வருகிற திருவிழாக் கூட்டத்தில், அவளும் புருஷனும் ஊராரும் இருக்கும்போது எழுந்து நின்று சொல்லுங்கள், தலைவர். அந்தப் பற்றரியைக் கடையில் தெரிந்தெடுத்தது யார்?