அக்கா கேட்ட ஐந்து கட்டை

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. முதலாண்டுத் திதிக்கு மலையேறி வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலர் இருக்கும். கட்டுரையைத் தம்பிதான் எழுத வேண்டும் என்று எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். "தம்பின்னா உன்ன மாதிரி இருக்கோணும்" என்று துக்கத்துக்கு வந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவர்களும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது. ஏன் என்று இதிலேயே எழுதிவிடுகிறேன்.

அக்கா இந்த மலையின் வாழவந்தி நாட்டில் பிறந்தார். மிளகும் குச்சிக்கிழங்கும்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டவை. மிளகு பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்தபோது அக்காவுக்குப் பதினைந்து வயது. காட்டு வேலையையும் பார்த்து, என்னையும் பள்ளிக்கு அனுப்பி, தானும் படிப்பை முடித்தார். பிறகு மலைக்குக் கீழே ஓர் இசைப்பள்ளியில் மூன்று வருடம் வாய்ப்பாட்டு கற்றார். "பாட்டுப் படிச்சு என்ன கிழிக்கப் போறா" என்று கேட்டவர்கள் பின்னால் தங்கள் பிள்ளைகளை அவரிடமே அனுப்பினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் மாமாவோடு எங்கள் வீட்டிலேயே இருந்து, விடுதிப் பள்ளி ஒன்றில் பகுதி நேரமாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அக்காவுக்குக் கோபமே வராது என்று எழுதினால் அது பொய். தாளம் தப்பினால் தொடையில் கிள்ளுவார். எனக்கும் விழுந்திருக்கிறது.

நிரந்தர இசை ஆசிரியர் ஆகிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்கு ஓர் எழுத்துத் தேர்வு, ஒரு பாட்டுத் தேர்வு. பாட்டுக்குப் பயமில்லை, எழுத்துக்குத்தான் பயந்தார். அதனால் சாயங்காலம் அவர் கிழங்கு சீவும்போது நான் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன்.

"லகுன்னா?"

"ஒரு தட்டு, அப்பறம் வெரல் எண்றது."

"திருதம்?"

"ஒரு தட்டு, ஒரு வீச்சு."

"சுருதி?"

அதற்கு மட்டும் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். "பாடறவங்க நிக்கற தரை சாமி அது. தரை கொஞ்சம் கொஞ்சமா எறங்குனா நிக்கறவங்களுக்குத் தெரியாது. தள்ளி ஒக்காந்து கேக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"புத்தகத்துல அப்படி இல்லீங்கக்கா."

"புத்தகத்துல இருக்கறதப் பரீட்சைல எழுதிக்கறேன், போ."

எங்கள் வீட்டில் பழைய மின்சுருதிப் பெட்டி ஒன்று இருந்தது. பாடுகிறவருக்கு எந்த உயரம் வேண்டுமோ அந்தக் கட்டையில் குமிழைத் திருப்பி வைத்தால் அது விடாமல் ஒலிக்கும். எண் குறைந்தால் சுருதியும் இறங்கும், மேலே எட்டிப் பாடுவது சுலபமாகும். அக்காவுக்கு ஐந்து கட்டை. குமிழைச் சுற்றியிருந்த எண்கள் தேய்ந்துபோனதால் ஐந்துக்கு நேராக ஆணியால் ஒரு கோடு கீறி வைத்தேன். பெட்டி என் பொறுப்பு. அவர் கண்ணை மூடித் தாளம் போட, நான் திருப்புவேன். பள்ளியில் பெட்டி கிடையாது. பிள்ளைகளுக்கு வாயாலேயே சுருதி கொடுப்பார்.

தேர்வுக்கு எட்டு மாதம் இருக்கும்போது அவர் குரல் மேல் ஸ்தாயிக்குப் போகாமல் உடைந்தது. ஒரு வாரம் முயன்றார். "எனக்கு இந்தப் பரீட்சையே வேண்டாம்" என்று புத்தகத்தை மூடிவிட்டார்.

டாக்டரைப் பார்க்கலாமா என்று அவர்தான் கேட்டார். "மிளகு வெளையற ஊர்ல தொண்டைக்கு டாக்டருங்களாக்கா?" என்று சிரித்தது நான். மலையில் எல்லாரும் சொல்வதுதான் அது. மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் அவர் கண்ணை மூடியதும் குமிழை அரைக் கட்டை கீழே இறக்கினேன். குரல் மேலே போய் நின்றது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

"எத்தன கட்டைல வெச்ச?"

"அஞ்சுதானுங்கக்கா."

இரண்டு மாதம் கழித்து மறுபடி உடைந்தது. நாலுக்கு இறக்கினேன். அதற்குப் பிறகு மூன்றுக்கு. அக்கா தினமும் சந்தோஷமாகப் பாடினார். நானும் பெரிய காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டேன்.

பாட்டுத் தேர்வில் தேர்வாளர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே வைத்தார்கள். அக்கா ஐந்து கட்டை கேட்டு வாங்கியிருக்கிறார். மேலே போகும் இடத்தில் குரலே வரவில்லை. வெளியே வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "ஊட்டுல வருது, இங்க வல்ல சாமி. எனக்கு என்ன ஆச்சு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பயமுங்கக்கா" என்றேன்.

ஒரு மாதத்தில் எச்சிலில் இரத்தம் வந்தது. குரல் எப்போதிலிருந்து மாறியது என்று டாக்டர் கேட்டார். "ஒரு மாசமாத்தானுங்க கரகரங்குது. அதுக்கு முந்தி ஊட்டுல நல்லாத்தான் பாடுனேன், தம்பிய வேணாக் கேளுங்க" என்றார் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன். இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். புற்று பரவியிருந்த குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அக்காவுக்குப் பேச்சு இல்லை. வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார்.

கடைசி மாதம் அவரிடம் படித்த பெண்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்து கட்டிலருகே பாடினார்கள். ஆணிக்கோட்டுக்கு நேராகக் குமிழை வைத்துப் பெட்டியைப் போட்டேன். அக்கா தள்ளிச் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். பாதிப் பாட்டில் கண்ணைத் திறந்து பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சிலேட்டை எடுத்து எழுதினார்: "இது அஞ்சு. அப்ப வெச்சது எத்தன?"

நான் சிலேட்டை வாங்கித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, பாட்டுக்குத் தாளம் மட்டும் தட்டினார்.

அக்காவுக்கு இரத்தம் கொடுத்த தேவனூர் நாட்டு உறவினர்களுக்கும், வேளை பார்க்காமல் ஜீப்பை எடுத்த பங்காளிகளுக்கும், கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்த அக்காவின் கணவரான எங்கள் மாமாவுக்கும், பாட வந்த அந்தப் பெண்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. எனக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம். திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டிவிட்டுப் போங்கள், அக்காதான் திட்டாமலே போய்விட்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது குரல் மாறினால் கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள்.

சிலேட்டில் கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

மூணு கட்டைங்க, அக்கா.