மல்லாந்து படுத்த ஆராய்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதக் காலையில், செஞ்சி ராஜகிரிக் கோட்டைப் படிக்கட்டில் நடந்தது இது. இன்று உளவியல் பேராசிரியையாக இருக்கும் நான் அப்போது முனைவர் பட்ட மாணவி. ஆபத்தான நேரத்தில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. ஊர் நாகர்கோவில் பக்கம்.

இரண்டு மாதம் சிங்கவரம், அவலூர்பேட்டை என்று அலைந்து விவசாயிகளிடம் வாங்கிய பதில் தாள்கள் ஒரு துணிப்பையில் இருந்தன. அச்சடித்த கேள்வியை நான் வாசிப்பேன். அவர்கள் 'அ' அல்லது 'ஆ' என்று சொன்னால் போதும். மேற்கொண்டு பேசினால் காதில் வாங்க மாட்டேன். தாள்களுக்கு நகல் கிடையாது. வேலை முடிந்த தெம்பில் பையோடு கோட்டை ஏறினேன். அறையில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். எனக்குத்தான் ஆபத்தைப் பற்றி எல்லாம் தெரியுமே.

பாதி வழியில் ஒரு குரங்கு பையைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் உட்கார்ந்தது. ஒரு தாளை உருவி நிதானமாகக் கிழித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கீழே வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த, என் வயதுதான் இருக்கும், ஒரு பெண் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "மல்லாந்து படுக்கா" என்று என் காதில் விழுந்தது. உள்ளூர்க்காரி சொன்னால் காரணம் இருக்கும் என்று, படிக்கட்டிலேயே வானத்தைப் பார்த்துப் படுத்துவிட்டேன்.

குரங்கு கிழிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. அதற்குள் வந்து சேர்ந்தவள் ஒரு கை கடலையை வீசினாள். பையைப் போட்டுவிட்டு அது கடலைக்குத் தாவியது.

"இன்னாக்கா, மல்லாட்ட போடுக்கான்னா படுத்துக்கினீங்க?"

அங்கே வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். சற்று முன் அவளிடமே வாங்கிய பொட்டலம் என் கையில் அப்படியே இருந்தது.

"இன்னா படிக்கிறீங்க?" என்றாள். சொன்னேன்.

"ஓ, ஆபத்து வந்தா படுத்துக்கணும்னு அதுல போட்டுக்குதா?"

இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, மிச்சக் கடலையைத் தின்றுகொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தோம். போனது அந்த ஒரே ஒரு தாள்தான். ஆனால், மல்லாட்டை என்ற அந்தச் சொல்லை எத்தனை விவசாயிகள் என்னிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தபோது வெட்கமாகிவிட்டது. மறுநாளே சிங்கவரத்துக்கு பஸ் ஏறினேன், இந்த முறை அவர்கள் பேசுவதைக் கேட்க.

இன்றும் ஒருவர் எடுத்த முடிவைப் பார்த்து 'முட்டாள்தனம்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, அவர் காதில் என்ன விழுந்ததோ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.