மாப்பிள்ளைக் கோட்டு

இருதயநாதனுக்கு மற்றவர்களைவிட வேர்வை இரண்டு பங்கு. செஞ்சி மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எடைபோடும் வேலை. பங்குனி பிறந்தால் முதுகு முழுக்க வேர்க்குரு பொரிந்துவிடும். பகலெல்லாம் வெந்த மலைப்பாறைகள், பொழுது சாய்ந்த பிறகும் ஊர்மேல் அனலை ஊதிக்கொண்டிருக்கும். சாப்பாட்டில் அவன் எதையும் குறை சொன்னதில்லை. உடம்பில் படுகிற துணியில்தான் பிடிவாதம்.

யுத்தம் முடிந்த மறுவருஷம். துணிக்குக் கன்ட்ரோல். கார்டுக்குக் கிடைப்பது நாள்பட உழைக்க வேண்டும் என்று எல்லோரும் தடித்த டிரில்லுக்கு அடித்துக்கொண்டார்கள். அவன் மட்டும் மெல்லிய மல் துணி கேட்டான்.

“இன்னாப்பா, கொசுவலை கட்டப் போறியா?” என்று வரிசையே சிரித்தது.

அதில் தொளதொளவென்று ஒரு ஜிப்பா தைத்துக்கொண்டான். கழுத்துப்பட்டை கிடையாது. அக்குளைத் தாராளமாக இறக்கி வெட்டியது. கையை வீசினால் காற்று உள்ளே புகுந்து வெளியே வரும். தன் கல்யாணத்துக்கு அதுதான் என்று முடிவு செய்திருந்தான்.

பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின தவசு நாற்பது நாளும் கல்யாணம் கூடாது. அதனால் பாஸ்கு முடிந்ததும் ஊரிலுள்ள கிறிஸ்தவக் கல்யாணங்கள் எல்லாம் சித்திரை வெயிலில் வந்து குவியும். அத்தனை மாப்பிள்ளைகளுக்கும் ஒரே கோட்டு. சீமைக்குத் திரும்பிய ஒரு பழைய சாமியார் விட்டுப்போன கறுப்புக் கம்பளிக் கோட்டு. பெட்டியோடு அதைக் காத்து வந்தவர் பாக்கியசாமி. இருதயநாதன் கட்டப்போகும் பெண்ணின் தகப்பனாரும் அவரே.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவரே அதைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார். இருதயநாதன் பிரித்துப் பார்த்தான். கழுத்துப்பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு கத்தியால் சுரண்டும் அளவுக்கு ஏறியிருந்தது. அக்குளில் உப்புப் பூத்து வெள்ளை வெள்ளையாய் வளையங்கள். பையில் யாரோ துப்பிய பாக்குச் சக்கை. எலி மூத்திர நெடி. அதற்கடியில் நாற்பது வருஷத்து மாப்பிள்ளைகளின் புளித்த வேர்வை.

“மாமா, இதத் தொவச்சதே இல்லியா?”

“தொவைக்கிறதா? சாமியார் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்ச கோட்டு. ஏரித் தண்ணில அலசுனா மந்திரிப்பு நிக்குமா?”

“ஜிப்பா தச்சு வச்சிருக்கேன் மாமா. கல்யாணத்துக்கு அதயே…”

“ஜிப்பாவா? மூட்ட தூக்குறவன் மாரி வந்து நிப்பியா? கோட்டு இல்லன்னா பொண்ணு இல்ல மாப்ள. அவ்ளோதான்.”

அவர் மகள் சவரியம்மாள் இரண்டு வருஷமாக மண்டிக்கு மல்லாட்டை உடைக்க வந்துகொண்டிருந்தவள். அவளுக்காகவே அவன் வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கழித்திருந்தான். கோட்டை மடித்து வைத்தான்.

கல்யாணத்தன்று ஜிப்பாவின்மேல் அதை மாட்டிக்கொண்டு பீடத்தின் முன் நின்றான். கோயில் நிறைய ஜனம். ஜன்னலுக்கு வெளியே இலை அசையவில்லை. அவன் உடம்புச் சூடு ஏற ஏற, கோட்டில் உலர்ந்து கிடந்த பழைய வேர்வையெல்லாம் உயிர்பெற்றுக் கசிந்தது. எவன் எவனோ தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது போலிருந்தது. பக்கத்தில் சவரியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தி, முகத்தை முழுதாக மறுபக்கம் திருப்பியிருந்தாள்.

பின்னால் பெண்கள் குசுகுசுத்தார்கள். “பொண்ணுக்குப் புடிக்கலியாட்டம் இருக்குது.”

சாமியார் கேட்டதும் அவன் தன் சம்மதத்தைச் சொல்லிவிட்டான். பிறகு அவளைக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். பதில் வரவில்லை, ஒரு ஓங்கரிப்புதான் வந்தது. மறுபடி கேட்டார். மறுபடியும் அதே. அவள் கண்ணில் நீர் முட்டி நின்றது.

இன்னொரு தரம் அவள் தடுமாறினால் கல்யாணம் நின்றுவிடும். இருதயநாதன் கோட்டை உரித்தெடுத்துத் தூர வீசினான்.

“டேய்!” என்று எழுந்தார் பாக்கியசாமி.

சாமியாரும் அடுக்கடுக்கான பூசை உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தவர்தான். அந்த ஜிப்பாவை ஒரு கணம் ஏக்கத்தோடு பார்த்தார். “உக்காரும் பாக்கியசாமி,” என்றார். மூன்றாம் முறை கேட்டார்.

“சம்மதம் சாமி!” கடைசி வரிசைவரை கேட்டது அவள் குரல்.

விருந்துப் பந்தலில் மாமனார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. புதன்கிழமை மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்த அனந்தபுரத்து ராயம்மாள் கோட்டை வாங்கிப்போக வந்திருந்தாள். அதன் கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். “இன்னா கனம்! எம்புள்ள குடுத்து வச்சவன்.”

கோட்டின் உள்துணி அவனுடைய வேர்வையில் நனைந்து பளபளத்தது. அவனுக்கு உடம்பு கூசியது.

“குடும்மா, நான் தொவச்சுத் தரேன்.”

“ஐயே, தீர்த்தம் பூடும்பா!” ஈரத்தோடே சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

இலையில் கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கை போகவில்லை. சவரியம்மாள் அவன் பக்கம் லேசாகக் குனிந்து, சட்டென்று பின்வாங்கினாள்.

“ஏந்திரிங்க. மொதல்ல கெணத்தடிக்கு. இந்த ஜிப்பாவுலயும் அந்த நாத்தம் ஏறிக்கினு இருக்குது.”