யானைக் குட்டைக்கு ஒரு லோடு

கோடை வந்துவிட்டால் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீரைத் தவிர வேறு பேச்சே கிடையாது. டாங்கர் வந்ததா, ஏன் வரவில்லை என்று ஒரே ரகளை. நீச்சல் குளத்தை மட்டும் மூட மாட்டோம். மூட வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் மகள் அதில் நீந்தப் பழகிக்கொண்டிருந்தாள்.

போன கோடையில், பன்னேர்கட்டா காட்டோரம் யானைகள் குடிக்கும் குட்டை வற்றிவிட்டதென்று யாரோ படம் போட்டார்கள். எங்களுக்கு மனசு உருகிவிட்டது. எங்களுக்கு வழக்கமாக வரும் டாங்கரையே பேசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, பக்கவாட்டில் பேனரும் கட்டினோம். 'வனவிலங்குகளுக்கு எங்கள் அன்பளிப்பு.' கார்களில் இடமில்லாததால் நான் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

லாரி காலியாகவே ஓடியது. "தண்ணி எங்கண்ணா ரொப்புவீங்க?" என்று கேட்டேன்.

"அங்கியேதான் சார். காட்டு வேலிகிட்ட போர் இருக்குது. உங்க அபார்ட்மெண்டுக்கும் டெய்லி அதே தண்ணிதான்."

எனக்குச் சுருக்கென்றது. வேலியை ஒட்டிய தனியார் நிலத்தில் மூன்று போர்வெல்கள், வரிசையாக லாரிகள். மோட்டார் சத்தத்தில் காது அடைத்தது. அங்கிருந்து நூறடியில் குட்டை. வெடித்த சேற்றில் யானைக் கால்தடங்கள் காய்ந்து கிடந்தன.

நாங்கள் தண்ணீர் விடும்போது வனக் காவலாளி ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். கன்னடம் கலந்த தமிழில் என்னிடம் கேட்டார்: "இந்த போர் போட்டப்புறம்தான் ஸ்வாமி குட்டையில நீரு நிக்கல. ஆனைங்க ஊருக்குள்ள வருது. பட்டாசு வெச்சுத் துரத்தறது நான். என்னிக்கோ ஒரு நாள் என்னை மிதிச்சுடும். உங்க ஒரு லோடு எத்தனை நேரம் வரும்?"

அந்த நிலத்துக்காரன் மேல் ஆத்திரம், அதைவிட எங்கள் மேல். அது யானைகளின் தண்ணீர், எடுத்தவர்கள் நாங்கள். அதில் ஒரு லோடைத் திருப்பிக் கொட்டிவிட்டு அன்பளிப்பாம்! உடன் வந்தவர்களிடம் இதைச் சொன்னேன். "நெகட்டிவா பேசாதீங்க சார், போட்டோவுக்கு நில்லுங்க" என்றார்கள். வெட்கங்கெட்டு நானும் நின்றேன்.

அன்று மாலை அபார்ட்மெண்ட் கூட்டத்தில், நீச்சல் குளத்தை மூடுவோம், அந்த போர் தண்ணீரை நிறுத்துவோம் என்று கத்தினேன். செயலாளர் வாய் கூசாமல் சொன்னார்: "அதான் யானைக்குக் குடுத்தாச்சே சார்."

மறுநாள் காலை அதே லாரி எங்கள் வாசலில் நின்றது. பேனரைக்கூட அவிழ்க்கவில்லை. குழாயை எங்கள் தொட்டிக்குள் விட்டிருந்தார்கள்.