வெடி நேரத்து ஜன்னல்கள்

மத்தியானம் குவாரியில் சங்கு ஊதினால் எங்கள் தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் திறக்கும். பாறைக்கு வெடி வைக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். ஜன்னலைச் சாத்தியிருந்தால் அதிர்வில் கண்ணாடி தெறிக்கும், திறந்துவிட்டால் அதிர்வு இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்விடும், சுவரும் தப்பிக்கும் என்பது ஊர் கண்டுபிடித்த வைத்தியம். பரண் பாத்திரங்களைத் தரைக்கு இறக்கிவிட்டு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, எல்லோரும் தெருவில் வந்து நிற்பார்கள். ஷிப்டுக்குப் போனவர்கள் வீட்டு ஜன்னலை அக்கம்பக்கத்தார் திறக்க வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத வீடுகளும் இந்த ஒரு காரியத்தை ஒன்றுக்கொன்று தவறாமல் செய்யும்.

நான் தெற்கத்திக்காரி. ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்கு வந்து, ஹாஸ்டலில் இருந்து, இந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். அவர் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, தன் அப்பாவின் நிலத்து ஓரத்தில், ஆசை ஆசையாக வீடு கட்டினார். கிரகப்பிரவேசத்துக்கு வந்த என் ஊர்க்காரர்கள் வெடிச் சத்தத்தில் சாப்பாட்டு இலையை விட்டே எழுந்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரில் நலம் விசாரிப்பதே விரிசலை வைத்துத்தான். "உங்க வூட்ல புதுசா எங்கனா வுட்டுக்கீதா?" என்பார்கள். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு விரிசலின் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்க்க. பெற்ற பிள்ளையின் உயரத்தைக்கூட அவர் அப்படிக் குறித்ததில்லை.

குவாரியை ஒட்டி கல்லை உடைக்கிற கிரஷர் இருந்தது. அதிலிருந்து பறந்துவரும் வெள்ளைத் தூளை ஊரில் மாவு என்பார்கள். முருங்கைக்கீரையில் படிந்தால் கழுவிவிட்டு ஆய்வார்கள், துணியில் படிந்தால் உதறிவிட்டு மடிப்பார்கள். "கல்லுதானம்மா, பூச்சிமருந்தா இன்னா?" என்பார் எதிர் வீட்டு அத்தை. அவருக்குப் பயமெல்லாம் கம்பெனிப் பக்கமிருந்து எப்போதாவது வரும் பெயின்ட் வாசனை மேல்தான். மூக்கில் ஏறுவதெல்லாம் விஷம், காதில் அறைவதெல்லாம் ஆபத்து. சத்தமில்லாமல் வந்து படிவது வெறும் வீட்டு வேலை.

எனக்கு என்ன வேலை தெரியுமா? பெயின்ட் அடித்த கார் பம்பரை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பொட்டுத் தூசி ஒட்டியிருந்தாலும் ரிஜெக்ட் செய்வது. உள்ளே போகும்போது என் மேலேயே காற்றடித்துத் தூசி தட்டுவார்கள். வீட்டுக்கு வந்தால் பாட்டுக் கேட்டுக்கொண்டே மாவைப் பெருக்கித் தள்ளுவேன்.

மகளுக்கு நாலு வயதில் இளைப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். ஐஸ் சாப்பிட்டதால் என்றார்கள், தலைக்கு ஊற்றியதால் என்றார்கள். "உன் தெக்கத்தி ஒடம்பும்மா, இந்த ஊரு தண்ணி ஒத்துக்கல" என்றார் அத்தை. பிள்ளை பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊர்த் தண்ணியில்தான். ஆனாலும் நான் வேலைக்குப் போனால் அவளைப் பார்த்துக்கொள்பவர் அத்தை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

படப்பையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்ல தூசி உண்டா?" என்றார்.

"இல்லங்க" என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரே குரலில் சொன்னோம். போதாதென்று, "தெனமும் ரெண்டு வேளை தொடைக்கோம்" என்று நான் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ரெண்டு வேளை துடைக்கிற அளவுக்கு எங்கேருந்தும்மா வருது?"

பக்கத்தில் குவாரி இருப்பதைச் சொன்னேன். கல்தூசி உள்ளே போனால் திரும்ப வராது, இப்படியே விட்டால் வளர்ந்த பிறகும் மூச்சுக்கு மருந்தோடுதான் திரிவாள், தூசி படாமல் வையுங்கள் என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் லீவு போட்டேன். எனக்கு எப்போதும் பகல் ஷிப்ட், அதனால் வெடி நேரத்தில் நான் தெருவில் நின்று பல மாதமாகியிருந்தது. சங்கு ஊதியதும் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, நான் இருப்பதைக்கூடப் பார்க்காமல், எல்லா ஜன்னலையும் விரியத் திறந்தார். மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். வெடித்தது. உடனே எல்லோரும் அவரவர் சுவரைப் பார்க்கத் திரும்பினார்கள். வெள்ளையாக ஒரு புகை மெதுவாக எழுந்து எங்கள் பக்கம் சாய்ந்து வந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே போனது, அத்தையின் தோளில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்த என் மகளின் மேலும் போனது.

"அத்தே, இனிமே சங்கு ஊதினா சன்னலைச் சாத்துங்க. பிள்ளைய உள்ளயே வச்சிக்கிடுங்க" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "இடி மாரி வெடிக்கிறான், புள்ளய உள்ள வெச்சிப் பூட்டச் சொல்ற. செவுரு வுழுந்தா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. ஒரு வீட்டில் சமையல்கட்டுச் சுவர் சரிந்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். தூசியால் யாரும் விழுந்ததை அவர் பார்த்ததில்லை.

நான் பிடிவாதக்காரி. எங்கள் வீட்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டே வேலைக்குப் போனேன், திறக்கவே கூடாது என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லியும் வைத்தேன். சில நாளிலேயே கூடத்து ஜன்னல் கண்ணாடி தெறித்தது. என் வீட்டுக்காரர் ஒட்டுவதற்கு அட்டை வெட்டினார். தெருவே என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒருநாள் சீக்கிரம் வீடு திரும்பியபோது அத்தை வழக்கம்போல மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றிருந்தார். சுவர் விழுந்தால் தன் மேல் விழட்டும் என்பதுபோல, முந்தானையை அவள் தலைமேல் போர்த்தியிருந்தார். முந்தானை முழுக்க மாவு. இந்தப் பாசத்தோடு என்னால் சண்டை போட முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துபோனது.

வீட்டைப் பூட்டிவிட்டு இருங்காட்டுக்கோட்டையில் வாடகை வீட்டுக்குப் போய்விட்டோம். என் வீட்டுக்காரர் சாமான் ஏற்றும்போது அழுதார். சொந்த வீட்டை விட்டு வருகிற துக்கம் எனக்கும் இருந்தது. அங்கே மட்டும் பன்னீர் காற்றா வீசுகிறது? ஹைவே லாரிப் புகைதான். ஆனாலும் மழைக்காலம் முடிவதற்குள் பூனைச் சத்தம் நின்றது, உறிஞ்சுகிற மருந்து அலமாரியிலேயே கிடந்தது. அத்தை என்னோடு பேசவில்லை. ஊரைக் கேவலப்படுத்திவிட்டுப் போனவள் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். மகளைக் கட்டிக்கொண்டார், காபி குடித்தார். தன் பெண்ணுக்கு வளைகாப்பு போட்டு வீட்டுக்குக் கூட்டிவரப்போவதாகச் சொன்னார். பிறகு டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"புள்ள பொறந்ததும் கொஞ்ச நாளு ரெண்டு பேரும் உன்னாண்ட இருக்கட்டுமாம்மா? வெடி சத்தத்துக்குப் பச்சப்புள்ளைக்குத் தூக்கிவாரிப் போடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் பிள்ளைக்காக நான் கெஞ்சியபோது சத்தம் போட்டவர். கேட்டுவிட வாய் வரைக்கும் வந்தது.

அவர் வாசலில் ஓடிக்கொண்டிருந்த என் மகளையே பார்த்தார். "இப்ப இளைக்கறதே இல்லல்ல?" என்றார்.

"இல்ல அத்தே."

 அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தூசிக்காகத்தான்னு சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணையே அப்பால நம்ம ஊருக்கு அனுப்ப மாட்டாங்கம்மா. சின்னவளுக்கும் மாப்ள பாத்துகினு கீறோம். நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாத."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"வெடிச் சத்தம்னே சொல்லிக்கிடலாம் அத்தே. கூட்டிட்டு வாங்க" என்றேன்.