விடிந்ததும் அடங்கிய கிடார்

கிடாரின் சத்தத்தைச் சீராக்கும் கம்ப்ரஸர் பெடலை நானே செய்தேன். தந்தியை ஓங்கி அடித்தால் பெடலுக்குள் இருக்கும் விளக்கு மின்னும். எதிரிலுள்ள சென்சாரில் வெளிச்சம் பட்டதும் சத்தம் குறையும். அந்த மினுக்கலை நாலு பேர் பார்க்கட்டும் என்று, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவில் பூட்டினேன்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஈஸ்டர் விடியற்கால ஆராதனை. இருட்டில் அருமையாக ஒலித்தது. சூரியன் கடலைவிட்டு மேலே வந்தபோது கிடார் அமுங்கிப்போனது. வயரை ஆட்டினேன், பேட்டரியை அழுத்தினேன், வால்யூமை முழுக்கத் திருகினேன்.

பக்கத்தில் பாடிக்கொண்டிருந்த அக்கா, “இன்னாடா டப்பா இது, கண்ணு கூசுது!” என்று தன் பைபிள் பையை அதன்மேல் வைத்தாள். கிடார் அலறியது. சபையே திரும்பிப் பார்த்தது.

சென்சாருக்கு வெயிலும் வெளிச்சம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது டப்பா முழுக்கக் கறுப்பு டேப். விளக்கு மின்னுவது யாருக்கும் தெரியாது, எனக்கும்தான். அது வேலை செய்வது காதில் கேட்கிறது.