காக்காய் வராத மத்தியானம்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் பயம், தந்திக்காரன் சைக்கிள் எங்கள் தெருவில் திரும்பினால் பயம். அப்பா போன பிறகு இந்தப் பயம் பத்து மடங்காகிவிட்டது. அண்ணா ஆபீஸிலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனைக்கு ஓடிப்போய் நிற்பேன். அம்மா குளிக்கப் போய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவேன். "உயிரோடதான் இருக்கேன், போடீ" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அப்பா போன விதம் அப்படி. எங்கள் ஊர் மலையாள தேசத்தில், ஆடி மாசத்துக்கு அங்கே கர்க்கடகம் என்று பேர். அந்த மழையில் விறகு நனைந்து அன்றைக்குச் சமையல் தாமதம். ஆபீஸுக்கு நேரமானால் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இலை முன்னால் உட்காராமலே செருப்பை மாட்டிக்கொண்டார். புகையில் அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்திருந்த அம்மா, "ஒரு நாள் சாப்பிடாமப் போனா ஒண்ணும் குறைஞ்சுடாது, போங்கோ" என்று சமையலறையிலிருந்தே சொன்னாள். அவரும் போனார். கிழக்கேகோட்டை பஸ் நிற்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள்.

அதற்குப் பிறகு மாசாமாசம் காரியம் நடக்கும்போதெல்லாம், காக்காய்க்கு வைத்த பிண்டத்தைக் காக்காய் கொத்தும் வரை அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாள். காக்காய் கொத்தினால் அப்பா சாப்பிட்டார் என்று அர்த்தம். கொத்தின பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஏன் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் வாயைத் திறந்ததில்லை.

அந்த வருஷம் முழுக்க எனக்குப் பிடிமானமாக இருந்தது மச்சு ஜன்னல்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. காலேஜ் விட்டு வந்தால் நேரே மாடியேறிவிடுவேன். கோட்டைக்குள் எங்கள் தெரு வீடுகளெல்லாம் ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஒட்டிக்கொண்டிருக்கும். பின்னால் கொல்லை, கொல்லைக் கதவைத் தாண்டினால் யாரும் குடியில்லாத ஒரு பெரிய மனை. பலா, மா, தென்னை எல்லாம் கேட்பாரில்லாமல் வளர்ந்திருந்தன. அங்கேதான் எத்தனை பறவைகள்! மஞ்சள் நிற மாங்குயில் ஒன்று, இலைக்குள் புகுந்தால் விளக்கை ஊதி அணைத்தாற்போல் காணாமல் போகும். தன்னைவிடப் பெரிய கிருஷ்ணப் பருந்தை இரட்டைவால் குருவி விரட்டிக்கொண்டு போகும். அத்தனை சின்ன உடம்புக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் என்று வாயைப் பிளந்து பார்ப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் மட்டும் எனக்குப் பயம் இருக்காது. கீழே இறங்கியதும் திரும்ப வந்துவிடும், அது வேறு விஷயம்.

வருஷாப்திகம், அதாவது முதல் வருஷத் திதி, மறுபடியும் கர்க்கடகத்திலேயே வந்தது. கர்க்கடக வாவுக்கு, அதாவது ஆடி அமாவாசைக்கு, மறுநாள். முதல்நாள் ராத்திரி அடித்த காற்றில் பின்மனையில் நின்றிருந்த பட்டுப்போன தென்னை ஒன்று முறிந்து விழுந்திருந்தது. காலையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தாள். அண்ணா ஈர வேஷ்டியோடு ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு மந்திரம் சொன்னான்.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போட வேண்டும். போட்டுவிட்டால் உடனே சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் போட்டு விழுவாள், உயிருக்கே கூட ஆபத்து என்று டாக்டர் மிரட்டியிருந்தார். அன்று அண்ணா மடியாக, யாரையும் தொடாமல் இருந்ததால் ஊசி என் பொறுப்பு. பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும் சமயம் அம்மா கையை நீட்டினாள். "இப்பவே போட்டுடு. அவா எழுந்தா காக்காய்க்கு வச்சுட்டு நாமளும் உக்காந்துடலாம்" என்றாள். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அவள் பட்டினி. போட்டேன். காக்காய் வராமல் போகும் என்று யாருக்குத் தோன்றும்? எங்கள் தெருவில் காக்காய்க்கா பஞ்சம்!

அண்ணா கொல்லையில் கிணற்றுப் பக்கத்துக் கல்லின் மேல் இலையில் பிண்டத்தை வைத்துவிட்டு, மலையாளத்துக்காரர்கள் செய்கிற மாதிரி ஈரக்கையைத் தட்டிக் கூப்பிட்டான். எங்கள் தெருவுக்கும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினான், தட்டினான், கை சிவக்கத் தட்டினான். ஒரு காக்காய் இல்லை.

"நேத்து வாவோன்னோ? ஊர் முழுக்க பலி போட்டிருக்கா. தின்னு தின்னு வயிறு முட்டிப் போயிருக்கும்" என்றான் அண்ணா.

"காக்காய்க்கு அஜீர்ணமாடா? போடா மண்ணாங்கட்டி" என்றாள் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க அண்ணா வீம்பு எனக்குத் தெரியும். ஒண்ணை மனசில வச்சுண்டா லேசில விடமாட்டானாக்கும்" என்று சேர்த்தாள். அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அவள் முகம் செத்துப்போயிற்று.

காரியம் பண்ணிவைத்த வாத்தியாருக்கு அடுத்த வீட்டுக்குப் போக அவசரம். "மாமி, பசுவுக்குக் கொடுத்துடலாம். சாஸ்திரத்தில இடமிருக்கு" என்றார்.

"வேண்டாம். அவர் வரட்டும்" என்றாள் அம்மா. சமையலறைக் கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். "அவர் தொடாம எனக்கு ஒரு பருக்கை வேண்டாம். அன்னிக்கு அவர் சாப்பிடாமப் போனார். இன்னிக்கும் சாப்பிட மாட்டேங்கறார். நான் எந்த மூஞ்சியோட சாப்பிடறது?"

அத்தனை நாள் மூடி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. வாத்தியார் மெல்ல நழுவினார்.

எனக்கோ வேறு பயம். அம்மாவின் மேலுதட்டில் வியர்வை துளிர்க்க ஆரம்பித்திருந்தது. மழைக் குளிரில் வியர்வை! விரல்கள் நடுங்கின. ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு போய் நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெஞ்சினேன், அழுதேன், "நீயும் போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்னு நினைக்க மாட்டியா?" என்று கத்தினேன். உதடு திறக்கவில்லை. அதே திதியில், என் கையால் போட்ட ஊசியால் இன்னொரு சாவா? பெருமாளே, பெருமாளே என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் பட்டது. எங்கோ தள்ளி, காக்காய்களின் கரகரப்பான, கோபமான கத்தல். சோற்றுக்குக் கத்துவது வேறு, எதையாவது விரட்டும்போது கத்துவது வேறு. ஒரு வருஷம் ஜன்னலில் உட்கார்ந்தவளுக்கு இதுகூடத் தெரியாதா? கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு பின்மனைக்கு ஓடினேன்.

பலாமரத்தைச் சுற்றி ஒரே கறுப்பு. தெருக் காக்காய் மொத்தமும் அங்கே கூடியிருந்தது. நடுவில், ஒரு கவட்டில் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரு கூகை. முறிந்து விழுந்த தென்னையின் பொந்துதான் அதற்கு வீடாக இருந்திருக்க வேண்டும். ஆப்திகத்தன்றைக்கா கூகை முகத்தில் விழிப்பது! திரும்பி ஓடத்தான் நினைத்தேன். ஆனால் அது என்னைப் பார்த்தது. வெற்றிலை வடிவத்தில் காகிதத்தை வெட்டி ஒட்டிய மாதிரி வெள்ளை வெளேர் என்று ஒரு முகம், அதில் கறுப்பாக இரண்டு கண். வறுத்த ரவையின் நிறத்தில் முதுகு, அதில் பொடிப் பொடியாகப் புள்ளிகள். என் ஜன்னலிலிருந்து அதுவரை பார்த்த எதுவும் அத்தனை அழகாக இல்லை.

உள்ளே ஓடிவந்து மூச்சுவாங்கச் சொன்னேன். "அம்மா, அப்பாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. காக்காயெல்லாம் பின்னாடி ஒரு கூகையை விரட்டிண்டிருக்கு. அதான் வரலை."

"கூகையா! இன்னிக்கா! இனி யாரைக் கொண்டுபோக வந்திருக்கு?" என்று அத்தை நெஞ்சில் கை வைத்தாள். அண்ணா கூகையை விரட்டக் கல்லைத் தேடினான். அம்மா என்னை வெறித்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

"நீயே வந்து பாரு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கை சில்லென்று நனைந்திருந்தது.

"வருஷம் இன்னும் திகையலை. மன்னி, படி தாண்டாதீங்கோ" என்றாள் அத்தை. புருஷன் போனவள் ஒரு வருஷம் நிறையும் வரை வெளியே இறங்கக் கூடாது என்று வழக்கம்; அப்பா போன நாளிலிருந்து அம்மா எங்கள் கொல்லைக் கதவைத் தாண்டியதே இல்லை. நான் விடவில்லை. என் தோளில் சாய்ந்து, தள்ளாடிக்கொண்டு அவள் படியைத் தாண்டினாள்.

பலாமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "என்ன அழகுடி இது! இதையா அபசகுனம்னு சொல்றா?" என்றாள் மெதுவாக.

அதே சமயம் ஒரு காக்காய் பாய்ந்து கூகையின் தலையில் கொத்தியது. ஒரு வெள்ளை இறகு சுற்றிச் சுற்றிக் கீழே வந்தது. கூகை எதிர்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டது. இன்னொரு காக்காய் வந்து கொத்தியது.

அம்மாவுக்கு எங்கிருந்து பலம் வந்ததோ தெரியாது. சுவரோரம் சார்த்தியிருந்த துறட்டியை எடுத்துக் கிளையில் ஓங்கி அடித்தாள்.

"போறும்! நிறுத்துங்கோ!" என்று கத்தினாள். "எத்தனை நாள் கொத்துவேள்? அடுப்பு எரியலை, ஆத்திரத்தில ஒரு வார்த்தை சொல்லிட்டேன். அதுக்கு ஒரு வருஷமா? அழுது அழுது மாளலை எனக்கு. போறும், போங்கோ!"

அடித்துக்கொண்டே இருந்தாள். இலையில் தேங்கிய மழைத்தண்ணீர் எங்கள் தலையில் கொட்டியது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக் கதவில் நின்றாள். அண்ணாவின் கையிலிருந்த கல் கையிலேயே இருந்தது. காக்காய்கள் கலைந்து வீட்டுக் கூரைப் பக்கமாகப் பறந்தன. கூகை கண்ணைத் திறந்து, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, சிறகை விரித்தது. இத்தனை பெரிய சிறகு, ஒரு சின்னச் சத்தம் இல்லை. மாமரத்துக்குள் புகுந்து மறைந்தது.

அம்மா துறட்டியைக் கீழே போட்டாள். உடம்பு முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. விழுந்துவிடுவாள் என்று நான் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"பசிக்கிறது. இலை போடு" என்றாள்.

"மன்னி, காக்கா இன்னும் தொடலையே" என்று அத்தை இழுத்தாள்.

"அது வரபோது வரட்டும்."

எனக்கு முன்னால், அண்ணாவுக்கு முன்னால், அம்மா முதலில் இலையில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அப்படி நடந்ததே கிடையாது. நான் பாயசத்தை அவள் கையில் ஊற்றினேன், பாதி இலையில் சிந்தியது. அவள் வழித்துக் குடித்தாள். பிறகு சாதம். அத்தை வந்து குனிந்து நெய் விட்டாள், "நன்னா பிசைஞ்சு சாப்பிடுங்கோ" என்றாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கவளமும் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலுதட்டு வியர்வை மெல்ல மெல்ல அடங்கியது.

அவள் ரசத்துக்கு வந்தபோது கொல்லையிலிருந்து அண்ணா ஓடிவந்தான்.

"அம்மா! காக்கா வந்துடுத்து! ஒண்ணில்லை, ரெண்டு. பிண்டத்தைத் தின்னுண்டிருக்கு!"

அம்மா இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"சரி. இன்னும் கொஞ்சம் சாதம் போடு" என்றாள்.